சூரியன் இறங்கும் வரை பியானோ

— ஷைனாக்கா, நான் தொலைஞ்சேன். மே அஞ்சாம் தேதி முப்பத்துமூணாம் நாள்தானே?

— ஆமா. பாஸ்கா பண்டிகையிலேர்ந்து நாள் எண்ணற இந்த ஏழு வாரமும் நமக்கு வாத்தியம் கூடாது, அந்த ஒரு நாள் மட்டும் விலக்கு. அதனாலதானே அன்னைக்கு நாடகம் வச்சிருக்கோம். இதைக் கேக்கவா கண்ணு மழையில ஓடி வந்தே? முதல்ல கோட்டைக் கழட்டு.

— அந்த நாள் எப்ப முடியுது?

— எல்லா நாளும் முடியற மாதிரிதான். சூரியன் இறங்கினதும்.

— அன்னைக்கு மான்செஸ்டர்ல சூரியன் இறங்கறது எட்டே முக்கால். நாடகம் ஏழேகாலுக்குத் தொடங்கி பத்தரைக்கு முடியுது. நான் ஒரு மண்டு, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் அதே நாள்னு நெனச்சுட்டேன். அம்பத்திரண்டு வயசு யூதப் பொம்பளை பண்ற தப்பா இது?

— இருபத்தாறு வருஷம் கிளினிக் டைரியைப் பார்த்தே வாழ்ந்தவ. வேற எப்படி வரும்? பாப்பி விதை கேக் இருக்கு, நீயே வெட்டிக்கோ.

— தொண்டையில இறங்காது. இருநூத்திப் பத்து டிக்கெட் போயாச்சு. நம்ம பிரெஸ்ட்விச் ஊர்ப் பொம்பளைங்க பாதிப் பேர் முன்னாடி, நாடகம் நடுவுல உன் பியானோ நின்னுபோனா எப்படி இருக்கும்?

— தள்ளிப் போடேன்.

— ஜூன்ல காலியா இருந்த பள்ளிக்கூட ஹாலை இப்ப பரீட்சைக்குக் குடுத்தாச்சு. புதன்கிழமை கிளினிக் டாக்டர் ஹர்விட்ஸுக்கு வேற பதில் சொல்லணும். "உன் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு ஃப்ரேடல், நாடக ஆசை தீந்ததும் வா"ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்க்கா. இது கவுந்தா மறுபடி முகமூடி மாட்டிக்கிட்டு சொத்தைப் பல்லு நோண்ட வேண்டியதுதான்.

— போக மனசு இருக்கா?

— துளிகூட இல்ல. நாடகத்துல நடிக்கற அந்த முப்பது பேரை விட்டுட்டு எங்க போறது? ஒன்பது பிள்ளை பெத்த பெர்ல், வாரத்துல ரெண்டு மணி நேரம் கடல் கொள்ளைக்காரியா வாளைச் சுத்துறா. மீன் கடை கோல்டா, வீட்டுக்காரர் போன அப்புறம் என்கிட்ட பல்லு காட்டத்தான் வாயே திறப்பா. இப்ப அவ பாட்டை நிறுத்த முடியல. ஆம்பளைங்க காதுல விழப் பாடக்கூடாதுன்னே வளர்ந்தவங்க, ஆம்பளை யாரும் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் அத்தனை தொண்டையும் திறந்துக்குது. அங்க நிக்கும்போது எனக்கு சந்தோஷம் தாங்கலக்கா. நீ வாசிச்சா நான் எழுதறேன்னு சொல்லித்தானே கிளினிக்கையே விட்டேன்.

— நீ இல்லாம மேடை ஏற மாட்டேன்னும் சொன்னே. அழாம ஒண்ணு கேட்டுக்கோ. கூடாதது எது?

— வாத்தியம்.

— வாய்?

— வாய்க்கு என்ன தடை? வெறும் பாட்டு பாடலாம். ஆனா மூணு மணி நேரம் வெறும் வாயோடவா?

— மூணு மணி நேரம்னு யார் சொன்னா? இடைவேளை எப்ப?

— எட்டரைக்கு. கப்பல் உடைஞ்சதும்.

— உடைஞ்சு?

— எல்லாரும் கடல்ல விழறாங்க. இடைவேளைக்கு அப்புறம் தீவுல... அக்கா.

— சொல்லு கண்ணு.

— தீவுல பியானோ ஏது? பியானோ கப்பலோட முழுகிப் போச்சு. அதுக்கப்புறம் எல்லாமே வாயாலதான். புயலுக்கு கோல்டா போதும், அவளுக்கு முன்பல் நடுவுல சந்து, ஊதினா ஹால் பூரா காத்தடிக்கும். பெர்லுக்கு நல்ல அகல தாடை, அவ நாக்கைச் சொடுக்கினா டிரம் மாதிரி கேக்கும். ஒவ்வொருத்தி வாயும் எனக்கு மனப்பாடம்க்கா. இருபத்தாறு வருஷம் வீண் போகல.

— இப்ப கேக் இறங்குமா?

— ரெண்டு துண்டு இறங்கும். இருந்தாலும் வேதம் தெரிஞ்ச ரப்பியை ஒரு வார்த்தை கேக்கணும்.

— நான் கேட்டாச்சு. எட்டே முக்காலுக்கு முன்னாடி பியானோ, பின்னாடி வெறும் வாய். தாராளமா நடத்துங்கன்னார்.

— எப்ப கேட்டே?

— பூரிம் பண்டிகை முடிஞ்ச வாரம்.

— அது ஒன்றரை மாசம் முன்னாடி. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்.

— டீ ஆறுது, குடி.

— அக்கா, பேச்சை மாத்தாதே. நான் ஜூன்ல வைக்கலாம்னு சொன்னேன். மே அஞ்சுன்னு பிடிவாதம் பிடிச்சது நீ. சூரியன் இறங்கற நேரம் தெரிஞ்சேதான் சொன்னியா?

— தெரியும். நீ கேப்பே, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல.

— என்னை இப்படி மழையில ஓட விட்டுட்டு. ஏன்க்கா?

— என் கையைப் பிடி. நீ பல் டாக்டர்தான், இருந்தாலும் இது உனக்கே புரியும். மடக்கிப் பாரு.

— ஐயோ, மடங்கவே இல்லையே. எத்தனை நாளா?

— போன குளிர்லேர்ந்து. வெந்நீர்ல ஊற வச்சு எடுத்தா ஒண்ணரை மணி நேரம் சொன்ன பேச்சு கேக்குது, அதுக்கு மேல இல்ல. சொன்னா நீ நாடகத்தையே நிறுத்தியிருப்பே. அதான் கேலண்டரை எடுத்து, பாதியில சூரியன் இறங்கற நாளாத் தேடினேன். இப்ப சொல்லு கண்ணு, உன் தீவுல இன்னொரு வாய்க்கு இடம் இருக்கா?