காக்கிக்கு அப்புறம் ஒரு பூப்போட்ட டாப்ஸ்

— வெளிய வர மாட்டேன். அந்தப் பையை மட்டும் திரைக்குள்ள நீட்டு.

— எந்தப் பையை?

— தெரியாத மாதிரி நடிக்காதே. வெள்ளைச் சட்டையும் காக்கி பேண்டும் இருக்கிற பை.

— அக்கா, நீ டிராஃபிக் போலீஸ் வேலையை விட்டு மூணு மாசம் ஆச்சு. இன்னிக்கு உன் சொந்த டிரைவிங் ஸ்கூலைத் திறக்கப் போற. முதல் நாளே காக்கியில போய் நின்னா, கத்துக்க வர்ற பொண்ணுங்க வண்டியைப் பார்த்து பயப்படுறதுக்கு முன்னாடி உன்னைப் பார்த்து ஓடிடுவாங்க.

— பயப்படட்டும். பயந்தாத்தான் பிரேக்கை மிதிப்பாங்க.

— மேடம், கையைத் தூக்கிப் பார்த்தீங்களா? அக்குள்ல பிடிக்குதா?

— பிடிக்கல டெய்லரம்மா. அளவெல்லாம் கரெக்ட். ஆள்தான் சரியில்ல. இருபத்தாறு வருஷம் காக்கி. வீட்டுக்கு வந்தா நைட்டி. நடுவுல ஒரு துணி இருக்குங்கறதே எனக்குத் தெரியாது.

— கல்யாணத்துக்குக் கூப்பிட்டாக்கூட டியூட்டியிலேருந்து அப்படியே வந்து நிப்பா டெய்லர்க்கா. போட்டோவுல பார்த்தா மாப்பிள்ளையை அரெஸ்ட் பண்ண வந்த மாதிரி இருக்கும்.

— சிரிக்காதே. நான் காக்கியில கை காட்டினா லாரி நின்னுச்சு. பூப்போட்ட துணியில நின்னு கை காட்டினா எவன் நிப்பான்? வேடிக்கை பார்த்துட்டுப் போவான். என்னையே மதிக்கலேன்னா நான் சொல்லிக் கொடுக்கிறதை யார் மதிப்பாங்க? புரியுதா?

— அதுக்குத்தானே துணி எடுக்க நானும் கூட வந்தேன்! நீ பொடிப்பூ துணியைத் தூக்கின, நான் விட்டேனா? உன் உயரத்துக்குப் பொடிப்பூ போட்டா, தூரத்துல பார்க்க உடம்பெல்லாம் தடிப்பு வந்த மாதிரி இருக்கும். அதான் உள்ளங்கை அகலத்துக்குப் பூ, கருநீலத்துல. ஒவ்வொரு பூவுக்கும் மூச்சு விட இடம். பேண்ட்டுக்கு அந்த இலையோட பச்சை, அதுவும் பிளெயின். பையிலயும் பூ, செருப்புலயும் பூன்னு போனாத்தான் நடமாடுற தோட்டம் ஆயிடும்.

— நானும் ரெண்டு நாள் அந்தத் துணியையே பார்த்துக்கிட்டு இருந்தேன் மேடம். அப்படியே வெட்டியிருந்தா ரெண்டு பெரிய பூ சரியா நெஞ்சு மேல வந்து உக்காந்திருக்கும். சத்தியமா நல்லா இருக்காது. வெட்டுறதுக்கு வரைஞ்ச அளவு பேப்பரைத் துணி மேல திருப்பித் திருப்பி வெச்சுப் பார்த்துத்தான், தோள் பக்கம் ஒண்ணு, இடுப்போரம் ஒண்ணுன்னு விழ வெச்சேன்.

— அதைப் பார்த்தேன் டெய்லரம்மா. நல்லாத்தான் இருக்கு.

— அப்புறம் என்ன, வா! மணி ஒன்பதே முக்கால். ரோட்டுக்கு எதிர்ல உன் ஸ்கூல் போர்டுக்குக் கீழ ஆறு பேர் வந்து நிக்கிறாங்க.

— வரேன். ஆனா யாராவது சிரிச்சீங்க...

— அக்கா, அதென்ன இடுப்புல? பெல்ட்டா?

— பழக்கதோஷம். அது இல்லேன்னா இடுப்பே இல்லாத மாதிரி இருக்கு.

— கழட்டு முதல்ல. பூவைப் போய் யாராவது பெல்ட் போட்டுக் கட்டுவாங்களா? ம்ம், இப்ப நில்லு. ஐயோ அக்கா, உனக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியுது!

— மேடம், சத்தியமாச் சொல்றேன், இந்தக் கடையில இதுவரைக்கும்... ஐயய்யோ.

— என்ன ஐயய்யோ?

— ஒண்ணுமில்ல மேடம்.

— ஒண்ணுமில்லைன்னு முழிக்கிறவங்களைத்தான் நான் இத்தனை வருஷம் ஓரங்கட்டினேன். சொல்லுங்க.

— இரு, இரு. அக்கா, திரும்பு. முதுகுல பூவெல்லாம் நிமிர்ந்து நிக்குது. இப்ப இந்தப் பக்கம் திரும்பு... டெய்லர்க்கா! முன்பக்கம் காம்பு மேல இருக்கு, பூ கீழ தொங்குது!

— எங்க தொங்குது? குனிஞ்சு பார்க்கிறேன், நேராத்தானே நிக்குது?

— உனக்கு நேரா இருக்கும். எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தலைகீழ். கண்ணாடியைப் பாரேன்.

— என் தப்புதான் மேடம். நெஞ்சுல பூ விழக்கூடாதுங்கற ஒரே நினைப்புல முன்பக்கத்துப் பேப்பரை மட்டும் மேல்கீழா திருப்பிட்டேன். ஒரே பக்கம் பார்த்து நிக்கிற டிசைனுங்கறதே மறந்து போச்சு. பதினெட்டு வருஷத்துல என் கை இப்படி வெட்டினதில்ல. மிச்சத் துணியும் இல்ல. இதே துணி வாங்கி நானே தைச்சுத் தரேன், இந்த ஒரு நாள் மன்னிச்சிடுங்க.

— இந்த ஒரு நாள்தானே திறப்பு! இதுக்காக நான் ஒரு மாசமா இவளைக் கெஞ்சிக் கூத்தாடி... போதும். இந்தா அக்கா, உன் பை. நீயே ஜெயிச்ச. காக்கியவே போட்டுக்கோ.

— பையைக் கீழ வை.

— என்ன?

— வைன்னு சொன்னேன். டெய்லரம்மா, கண்ணைத் துடைங்க. ரெண்டு பேரும் கண்ணாடியை மறைக்காம ஓரமா நில்லுங்க.

— கோபமா மேடம்?

— இல்ல. காக்கியை நான் யாருக்காகப் போட்டேன்? ரோட்டுல போறவனுக்காக. அவன் பார்க்கணும், அவன் நிக்கணும். நான் குனிஞ்சா பட்டனும் பெல்ட்டும்தான். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட, நான் போட்டிருக்கிற துணியை நானே குனிஞ்சு பார்த்து சந்தோஷப்பட்டதில்ல. உள்ள அந்தத் திரைக்குப் பின்னாடி அஞ்சு நிமிஷமா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன். எனக்கே வெட்கமாப் போச்சு. அதான் பையைக் கேட்டேன்.

— அக்கா... இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?

— சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லுவ. வழி விடு, நேரமாச்சு.

— இப்படியேவா போற? எதிர்ல இருக்கிறவங்க கேட்டா?

— கேட்டா, பூ என்னைப் பார்த்து நிக்குதுன்னு சொல்றேன். நகரு.

— மேடம், இந்த நேரத்துல ரோட்டைத் தாண்ட முடியாது. அரை மணி நேரமா ஒரு வண்டி நிக்கல. நானே டீ வாங்கப் போகாம உக்காந்திருக்கேன். மேடம்! மேடம்!

— அக்கா, சிக்னலுக்குப் போய்த் தாண்டு! விசில்கூட இல்ல உங்கிட்ட!

— இறங்கிட்டாங்க. கையைத் தூக்கிட்டாங்க.

— லாரி வருது டெய்லர்க்கா. என்னால பார்க்க முடியாது.

— கண்ணைத் திறங்க. நின்னுடுச்சு.

— லாரியா?

— லாரி, அதுக்குப் பின்னால பஸ், எல்லாமே. அந்தக் காரைப் பாருங்க, ரொம்ப முன்னால வந்துட்டோம்னு தானாவே ரிவர்ஸ் எடுக்குது!

— ஐயோ, லாரி டிரைவர் சல்யூட் வேற அடிக்கிறான்! காக்கி இல்ல, தொப்பி இல்ல, பூ மட்டும்தான் இருக்கு! எங்க அக்கா டெய்லர்க்கா, எங்க அக்கா!

— எதிர்ல ஆறு பேரும் கை தட்டுறாங்க. மேடம்! வேற துணி எடுத்து நாளைக்கே நேரா வெட்டித் தைச்சு வெச்சிடுறேன் மேடம்!

— டெய்லரம்மா, நாளைக்கு மூணு துணி கொண்டு வரேன்! மூணையும் இதே மாதிரி வெட்டுங்க. நேரா வெட்டினீங்கன்னா ஃபைன் போட்டுடுவேன்!