குதிரையில் தேய்ந்த இடம்

– கறுப்பு பூசித் தரேன் பாப்பா, அது பெரிய வேலையில்ல. ஆனா எதுக்குன்னு சொல்லு. துப்பாக்கி ஓரம் வெளுத்ததுக்காக எந்த பேங்க்லயும் காவல்காரரை வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க.

– சும்மா தோண்டாதண்ணா. அவர் தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள இதைக் கொண்டுபோய் அலமாரியில வெச்சாகணும்.

– மாப்பிள்ளைக்குத் தெரியாமயா எடுத்துட்டு வந்த?

– தெரிஞ்சா குடுப்பாரா?

– இந்த வெளிச்சத்துக்கு வா. இங்க பாரு, குழல் முனை வெளுத்திருக்கு. உறையில போட்டு எடுத்தா வெளுக்கும். பிடி வெளுத்திருக்கு, அது கை வியர்வை. ஆனா குண்டு போடற இந்த உருளையைச் சுத்தி ஒரு கோடு விழுந்திருக்கு பாரு, போன தடவை ரிப்பேருக்கு நம்ம கடைக்கு வந்து எண்ணெய் போட்டப்போ இது இவ்வளவு இல்ல. யாரோ திறந்து மூடி, திறந்து மூடி விழுந்தது.

– அந்தக் கோட்டைத்தான் மறைக்கச் சொல்றேன்.

– ஏன்?

– அது நான் போட்ட கோடு.

– நீயா?

– டூட்டி முடிஞ்சு வந்து குளிக்கப் போவார் இல்ல, அப்போ குண்டையெல்லாம் எடுத்து என் துணி அடுக்குல ஒளிச்சுடுவேன். அவர் கிளம்பறதுக்கு முன்னாடி திரும்பப் போட்டுடுவேன். அந்தக் காசாளர் பேங்க்ல கொள்ளைக்காரன் கையால செத்ததுலேருந்து இதான் என் பொழப்பு. ‘நான் சுட்டிருந்தா அவர் பொழைச்சிருப்பார்’னு ஒரே பாட்டு. இப்போ அந்தப் பாட்டும் நின்னுபோச்சு. சாப்பிடுங்கன்னா சாப்பிடறார், படுங்கன்னா படுக்கறார். பயமா இருக்குண்ணா. நேத்து அந்தக் கோட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். நான் தொடறேன்னு தெரிஞ்சா வேற எங்கயாவது வெச்சுடுவார்.

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

– சொன்னா நீ நாலு பேர்கிட்ட சொல்லுவ. லைசன்ஸ் போகும், வேலை போகும். அப்புறம் அந்த மனுஷனை எதை வெச்சுத் தூக்கி நிறுத்துவேன்?

– சரி, அழாத. இதுக்கு மட்டும் பதில் சொல்லு. கட்டைவிரலால பின்னாடி இழுக்கிற இந்தக் குதிரை இருக்கு பாரு, இதை நீ இழுப்பியா?

– நான் ஏன் அதைத் தொடப்போறேன்? குண்டை எடுத்ததும் மூடி வெச்சுட்டு வந்துடுவேன்.

– விரல் படற இடம் தேஞ்சு வெள்ளையாயிடுச்சு. பேங்க்ல இதை யாரும் இழுத்துட்டு நிக்க முடியாது, கேமரா இருக்கு. வீட்லதான் இழுத்திருக்கார்.

– ஐயோ அண்ணா.

– இரு, முழுசா கேளு. வருஷக்கணக்கா இடுப்புல கட்டினவர். கையில எடுத்ததுமே கனம் சொல்லிடும், உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு. வெறும் துப்பாக்கின்னு தெரிஞ்சேதான் இழுக்கறார்.

– அப்போ நான் எடுக்கறது அவருக்குத் தெரியுமா?

– தெரியும். உன்னை நம்பித்தான் இழுக்கறார். போதும் பாப்பா, இது இனிமே இந்தக் கடையை விட்டு வெளிய வராது. இப்பவே உன்கூட வந்து மாப்பிள்ளைகிட்ட பேசறேன். டாக்டர்கிட்டயும் நானே கூட்டிட்டுப் போறேன். என்னைக்காவது குண்டை எடுக்காம விட்டிருக்கியா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

– ஒரே ஒரு நாள். ஜுரத்துல நினைவில்லாம கிடந்தேன்.

– அன்னைக்கு?

– கண்ணு முழிச்சப்போ குண்டு அத்தனையும் என் உள்ளங்கையில இருந்துச்சுண்ணா, மேல விரலெல்லாம் மடக்கி மூடியிருந்துச்சு. நான்தான் எப்படியோ எழுந்துபோய் எடுத்திருக்கேன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்.