பஸ்ஸுக்குச் சளி பிடித்த காலை

மழைக்காலத்தில் கரி ஈரம் கட்டும். மூட்டையை எங்கே வைத்தாலும் கட்டும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் லாக்கப்பில் இருக்கும் டிரைவர் கண்ணையன் கரியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று யாரோ சொன்னார்களாம். அவர் சரியாகத்தான் பார்த்துக்கொண்டார்.

காபி வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

நான் ஜானகி. பஸ் முதலாளி தர்மராஜின் தங்கை. சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு அரியலூருக்குத் திரும்பினேன். திரும்பிய பிறகு என்னிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. நானும் பேசத் தெரியாதவள்தான். என் கல்யாணப் பேச்சைக்கூட அண்ணன் அண்ணியிடம்தான் எடுப்பார். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என் குரலை நானே கேட்காமல் போன நாட்கள் உண்டு.

ஜெர்மன்காரனோடு சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும், அண்ணன் பஸ்ஸின் பின்புறம் கரி அடுப்பை மாட்டினார். கரி அரைகுறையாக எரிந்து வரும் வாயுவில்தான் எஞ்சின் ஓடும். சூடாக வரும் அந்த வாயு எஞ்சினுக்குள் போகுமுன் ஆற வேண்டும். அதற்காக வண்டிக்கு அடியில் வரிசையாகக் குழாய்கள் இருக்கும். கூலர் என்பார்கள். ஆறும்போது வாயுவிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் நிற்கும். காலையில் திருகைத் திறந்து அதை இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாயு முன்னே போகாது. மேட்டில் வண்டி நின்றுவிடும்.

பஸ் ராத்திரி தங்குவது எங்கள் வீட்டுக் கொட்டகையில். ஒரு விடியலில் கண்ணையன் அந்தத் திருகைத் திறந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பாக, புளித்த வாடையோடு தண்ணீர் வந்தது. எவ்வளவு வருகிறது என்று பார்க்க உள்ளே போய் ஒரு கண்ணாடிக் குவளை கொண்டுவந்து பிடித்தேன். அவர் சிரித்தார்.

"என்னங்க சின்னம்மா, பஸ்ஸுக்கு மூக்கு சிந்திவுடுறீங்களா?"

அதன் பிறகு அது என் வேலையாகிவிட்டது. அவர் வருவதற்குள் இறக்கி வைத்துவிடுவேன். கொட்டகைக்குள் நுழையும்போதே கேட்பார்.

"மூக்கு சிந்தியாச்சாங்க?"

"ஆச்சு."

"எவ்ளோ சளிங்க?"

"நேத்தைவிடக் கொஞ்சம் கூட."

"உடையார்பாளையத்துக் கரிக்காரன் எடை ஏத்தத் தண்ணி தெளிச்சிருக்கான். படுபாவி."

இவ்வளவுதான். தினமும் இவ்வளவுதான். உங்களுக்கு இது பேச்சாகவே தோன்றாமல் இருக்கலாம்.

அண்ணி ஜெகதாம்பாள் சமையலறை ஜன்னலிலிருந்து சொல்வார்: "ஊருல படிச்ச பொண்ணுங்கள்லாம் டீச்சரா இருக்குதுங்க. இங்க ஒண்ணு பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கெடக்கு."

"சின்னம்மா இல்லாட்டி மேட்டுல நின்னுகிட்டு, பஸ்ஸத் தள்ள வாங்கன்னு ஒங்களத்தான் கூப்புடணும்மா" என்பார் கண்ணையன்.

எனக்காகப் பேசினார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அண்ணன் அவரை அவன் என்பார். நான் அவர் என்றே சொல்கிறேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் அவர் அண்ணன் முன்னால் வந்து கை கட்டி நின்றார். மனைவி கலியம்மாளுக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. பிரசவத்துக்குப் பெரம்பலூரில் தாய் வீட்டுக்குப் போகிறாள். பிறகும் அங்கேயே குடித்தனம் வைக்கச் சொல்கிறார் மாமனார்.

"இனிமே பஸ்ஸ ராத்திரிக்குப் பெரம்பலூர்லயே போட்டுக்கிறேன் மொதலாளி. காலையில அங்கேருந்து மொத டிரிப் எடுத்துடுறேங்க."

அண்ணன் சரி என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமும் இல்லைதான்.

கலியம்மாள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. நல்ல பெண். வளைகாப்புக்கு என்னையும் அழைத்து, என் கையிலும் வளையல் போட்டுவிட்டாள். இதோ, இந்தப் பச்சை வளையல்தான்.

அவள் புறப்பட்ட காலையில் மழை. கண்ணையன் வழக்கம்போலக் கேட்டார். ஆச்சு என்றேன். ஆகவில்லை. கூலரில் தண்ணீர் நின்றால் என்னவாகும் என்பது அண்ணனுக்கும் ஒருமுறை தெரியட்டும், பஸ்ஸைக் கண்ட இடத்தில் நிறுத்தினால் பார்த்துக்கொள்ள ஆளிருக்காது என்று புரியட்டும் என்று நினைத்தேன். இதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை.

கரியும் நனைந்திருந்தது. முந்தின மாலை மூட்டையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தேன். நனைந்த கரி என்றால் கூலரில் இன்னும் தண்ணீர் சேரும்.

கண்ணையனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி நின்றுபோனால், அடுப்புக்குப் பக்கத்திலுள்ள காற்றாடியைக் கையால் சுற்றி வாயுவை மறுபடி கிளப்ப வேண்டும். அப்போது பின் சீட்டில் யாரையும் உட்காரவிடமாட்டார். பின்பக்கப் படுதாவை மழையிலும் சுருட்டியே வைப்பார். ஏன் என்று கேட்டால், பின்னால் இருந்தால் தலை சுற்றும் என்பார். தலை சுற்றுவதற்கு மேல் என்ன ஆகும் என்பதை நான் படித்திருந்தேன். அந்த வாயுவில் கொல்லும் பங்குக்கு வாசனை இல்லை. தூக்கம் வருவதுபோல வரும்.

நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். பெரம்பலூரில் ஊசி நூல் வாங்க வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னேன். கலியம்மாள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பின் சீட்டு அடுப்பை ஒட்டியது, வெதுவெதுப்பாக இருக்கும், காலை நீட்டிப் படுக்கலாம் என்றேன். படுதாவை இறக்கிக் கட்டினேன். என் கம்பளியைப் போர்த்திவிட்டேன்.

"ஒங்களுக்கு எவ்ளோ நல்ல மனசுங்க சின்னம்மா."

"தூக்கம் வந்தா தூங்கு" என்றேன்.

படுதா இறங்கியிருப்பதை அவர் பார்த்தார். மழை விட்டதும் நானே சுருட்டிவிடுகிறேன் என்றேன். "நீங்க படிச்சவங்க, பாத்துக்குவீங்க" என்று முன்னால் போய்விட்டார்.

முதல் மேட்டிலேயே வண்டி இருமிக்கொண்டு நின்றது. பின்னால் இருப்பவர்களை இறங்கச் சொன்னார். இறங்கினார்கள். படுதாவைத் தூக்கிப் பார்த்தார். கலியம்மாள் கண்ணயர்ந்திருந்தாள். மழையில் அவளை இறக்குவதா என்று யோசித்து என்னைப் பார்த்தார்.

"தூங்கட்டுமே" என்றேன்.

"ஆமாங்க. ராவெல்லாம் பொரண்டுகிட்டே கெடந்தா." படுதாவை அவரே மறுபடி இழுத்துவிட்டார். எழுப்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு இரக்கம் உள்ளவர்.

கூலர் திருகைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் ஆச்சு என்று சொல்லியிருந்தேனே. காற்றாடியைச் சுற்றினார். குழாயில் தண்ணீர் நின்றதால் வாயு முன்னே போகாமல் அடுப்பு மூடி வழியாகப் பின் சீட்டுப் பக்கம் வந்தது. வாயு கசியாமலிருக்க மூடியைச் சுற்றி அடைத்திருந்த கயிறும் அன்று இல்லை. நைந்திருந்தது என்று நான் எடுத்துவிட்டிருந்தேன். புதிது போடவில்லை.

வண்டி கொஞ்ச தூரம் போகும், நிற்கும். நின்ற இடமெல்லாம் நான் அவருக்குக் குடை பிடித்தேன். அவர் கை ஓய்ந்தபோது காற்றாடியை நான் சுற்றினேன். அன்றுபோல அவர் என்னிடம் பேசியதே இல்லை. சின்ன வயதில் ஏரியில் விழுந்தது, முதன்முதலில் வண்டி ஓட்டியது எல்லாம் சொன்னார். "பொண்ணாப் பொறந்தா ஒங்களாட்டம் படிக்க வெக்கணுங்க" என்றார். என்னைப் போல என்று சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் படுதாவைச் சுருட்டினேன். சொன்னபடி செய்தேன்.

பெரம்பலூரில் கலியம்மாளின் அம்மா பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். பின்னால் ஏறிப் பார்த்தாள். மகளின் கன்னங்கள் இரண்டும் சிவந்திருந்தன. "பாரேன், எம்மாங் களையாத் தூங்குது" என்றாள். பிறகுதான் தொட்டு எழுப்பினாள்.

உங்கள் எழுத்தர் இரண்டு உயிர் என்று எழுதியிருக்கிறார். நான் ஒன்று என்றே நினைத்திருந்தேன். சரியாகப் பார்த்தால் அவர் எழுதியதுதான் சரி.

கண்ணையன் உங்களிடம், சளியை இறக்கத் தாமே மறந்துவிட்டதாகச் சொன்னாராம். என் பெயரை அவர் சொல்லவில்லை. முதலாளி வீட்டுப் பெண் என்ற பயம் என்று அண்ணன் நினைக்கிறார். அண்ணனுக்கு இதெல்லாம் புரியாது. கண்ணையன் எதையும் மறக்கவில்லை. கேட்டார். நான் பொய் சொன்னேன். தண்ணீரை நிறுத்தியதும், கயிற்றை எடுத்ததும், அவளை அங்கே படுக்கவைத்ததும் நான். என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

அவரைச் சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவீர்கள் அல்லவா? இனி பெரம்பலூரில் அவருக்கு யாருமில்லை. பஸ் எங்கள் கொட்டகையிலேயே நிற்கும். என்னையும் விடிவதற்குள் அனுப்பிவிட்டால் நல்லது. அவர் வந்து கேட்கும்போது, ஆச்சு என்று சொல்ல அங்கே ஆள் வேண்டும்.