ஏழாவது குழியின் சிவப்புக் கோடு

எனக்குத் தேநீர் வேண்டாம், ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோப்பையின் விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். "இவனுக்கு உடம்பெல்லாம் மூக்கு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். நான் சொல்லச் சொல்ல உங்கள் காவல்நிலைய எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும், எனக்கு அவசரமில்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் உங்களை ஓர் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கோல்ஃப் மன்றத்தின் மாடியில் வரைபட அறை இருக்கிறது. இருபத்தாறு வருடமாக அதற்கு நான்தான் பொறுப்பு. அங்கே ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை, ஓர் அலமாரி. ஜன்னலுக்கு வெளியே மைதானம். வருகிறவர்கள் எல்லாரும் "ஆகா, என்ன பச்சை" என்று வாயைப் பிளப்பார்கள். அந்தப் பச்சையில் எத்தனை பேர் காறித் துப்புகிறார்கள் என்பது மேலிருந்து பார்க்கிற எனக்குத்தான் தெரியும். நான்காவது குழிக்குப் பக்கத்துப் புதரில் பெரிய மனிதர்கள் ஒதுங்குவார்கள். ஒதுங்கிய கையோடு மட்டையைப் பிடிப்பார்கள், அதே கையை ஒருவருக்கொருவர் குலுக்கிக்கொள்வார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு அலமாரியைத் திறப்பேன்.

அலமாரியில் பதினொரு மைதானங்கள் இருக்கின்றன. எல்லாம் அந்தக் காலத்தில் வரையப்பட்டவை, ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. ஒரு தீவுக்காக வரைந்தது ஒன்று. மை காய்வதற்குள் தீவில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரு செல்வந்தரின் பிள்ளைகள் பங்காளிச் சண்டை போட்டதில் நின்றுபோனது இன்னொன்று. போர் வந்ததால் நின்றவை நாலைந்து. எதனால் நின்றால் என்ன, கட்டாமல் விட்டவர்கள் அத்தனை பேருக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் புல்லை எவனும் மிதிக்கவில்லை, அந்த மணலில் எவனும் துப்பவில்லை. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு மனைவி மக்கள் கிடையாது, ஐயா. இருந்தவை இந்தப் பதினொன்றுதான்.

இவற்றில் மலைச்சரிவு மைதானம் என்று ஒன்று. ஊருக்கு வெளியே சாலை வளைந்து ஏறுகிறதே, அந்த மலைக்காக வரைந்தது. பதினெட்டுக் குழிகள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தமான கை. கறுப்பு மையும் நீர்த்த பச்சையும் மட்டும். அதில் ஒரே ஓர் அசிங்கம் உண்டு. வரைந்து ஒரு வருடம் கழித்து எவனோ ஒரு நில அளவையாளன் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஏழாவது குழியின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, நடுவே ஒரு பெருக்கல் குறி இட்டிருக்கிறான். பழைய சுரங்கக் கிணறு, ஆழம் முப்பதடி, மேலே பலகை. அந்த வட்டத்திலிருந்து கிழக்கே இரண்டு புள்ளிக் கோடுகள் ஓடிச் சாலைச் சரிவில் முடியும். அங்கே "தண்ணீர் வடிய வழி, வாயில் இரும்புக் கதவு" என்று கிறுக்கியிருக்கிறான். கிணறு இருப்பது தெரிந்ததும் அந்த மைதானத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம், குளித்து வந்த குழந்தையின் முகத்தில் யாரோ வெற்றிலையை மென்று துப்பியதுபோல எனக்கு உடம்பு கூசும்.

போன வருடம் மன்றத்துக்கு நூறு வயது. நூற்றாண்டுக்கு அந்த மலைச்சரிவு மைதானத்தைக் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். புது வடிவமைப்பாளர் ஒருவர் என் அறைக்கு வந்தார். "ஒரு கோடுகூட மாத்தாம அப்படியே கட்டப்போறோம் சார்" என்றார். சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஏட்டைப் புரட்டினார். எச்சில், ஐயா. எண்பது வருடக் காகிதத்தில். பிறகு அதே விரலால், "இங்க மட்டும் வண்டி நிறுத்தற இடம், இங்க ஒரு சாப்பாட்டுக் கூடம், இந்த மேட்ட கொஞ்சம் வெட்டிடுவோம்" என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

மூலத்தைக் களத்துக்குக் கொண்டுபோக முடியாது. நான்தான் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் வேலையில் ஒரு நியதி உண்டு. வரைந்தவரின் கை எதுவோ அதை மட்டும் எடுக்க வேண்டும், பின்னால் வேறு கை பட்டதை விட்டுவிட வேண்டும். விட்டது இன்னதென்று ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும். சிவப்பை விட்டுவிட்டேன். அது நியதிப்படி சரி. குறிப்பு எழுதவில்லை. அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். மண் தள்ளுகிற இயந்திரம் ஒன்று அந்தக் கிணற்றில் கவிழ்ந்தால் வேலை தானாக நின்றுவிடும், மைதானம் பழையபடி கட்டாத மைதானமாகவே இருந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஓட்டுபவன் குதித்துவிடுவான் என்று நினைத்தேன்.

இயந்திரத்துக்கு முன்னால் மனிதன் போவான் என்பதை நான் மறக்கவில்லை. அளவெடுக்கும் குழுவில் ஒருவர் முதலில் புதருக்குள் நுழைந்து கொடி நட வேண்டும். மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் அளப்பார்கள். அந்தக் கொடி நடுகிறவர் என் தங்கையின் வீட்டுக்காரர்.

நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுவார். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே உள்ளே வருவார், அதிலிருந்து சொட்டும். ஒரு தடவை என் மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார், தீவு மைதானத்தின் மேலேயே. வட்டமாகக் கறை. "மச்சான், உங்க காகிதத்துக்கெல்லாம் பொண்ணு பாத்துக் கட்டி வெச்சிடலாம் போலிருக்கே" என்று அவரே கேலி செய்து, அவரே சிரித்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அன்று சட்டையை இரண்டு முறை துவைத்தேன். மற்றபடி மனத்தாங்கல் எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் திங்கள் காலை படியை வாங்கிப் போக அவர்தான் வந்தார். ஏழாவது குழியில் விரலை வைத்து, "இந்தப் பக்கம் புதரு ரொம்ப அடைச்சுக் கெடக்கு மச்சான். பள்ளம் கிள்ளம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

"படத்துல இருக்கறதுதான்" என்றேன்.

"அப்பச் சரி. நீங்க போட்ட படம், கண்ண மூடிக்கிட்டுப் போலாம்" என்றார்.

பத்தரை மணிக்குப் பலகை உடைந்து உள்ளே விழுந்தார். கால் முறிந்துவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை. மேலே நின்றவர்களோடு பேசினார். சுவர் உளுத்துப்போயிருந்ததால் யார் இறங்கினாலும் மண் அவர் மேலேயே சரிந்தது. வாளியில் சாப்பாடும் தண்ணீரும் இறக்கிவிட்டு, சுவர் சரியாமல் தாங்க மரச்சட்டம் அடிக்க ஆரம்பித்தார்கள். மதியம் தீயணைப்பு அதிகாரி மூன்று ஆட்களோடு என் அறைக்கு வந்தார். நாலு பேருக்கும் முழங்கால் வரை சேறு. நடந்த இடமெல்லாம் தடம், விரல் நுனியில் சேற்றுத் தண்ணீர் சொட்டியது. ஒருவன் மூக்கைச் சிந்திக் கால்சட்டையில் துடைத்தான்.

"பெரியவரே, இது சுரங்கக் கிணறு. எங்கயாவது பக்கவாட்டுல வழி இருக்கும். பழைய படம் ஏதாச்சும் இருந்தா எடுங்க, சீக்கிரம்" என்றார் அதிகாரி.

மூலம் மூன்றாவது இழுப்பறையில் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தால் நாலு பேரும் ஆளுக்கொரு மூலை பிடிப்பார்கள். மடிப்பார்கள். மழையில் கொண்டுபோய்ப் பாறை மேல் விரித்துக் கல் வைப்பார்கள்.

"செல் அரிச்சிடுச்சு. தூக்கிப் போட்டாச்சு" என்றேன்.

இவ்வளவுதான், ஐயா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர்கள் நன்றி சொல்லிவிட்டு ஓடினார்கள். நான் தரையைத் துடைக்க வேண்டியிருந்தது. அவர்கள் விட்டுப்போன சேற்றில் ஏதோ புழு நெளிந்தது.

புதன்கிழமை காலை சாலைச் சரிவுக்கு நானே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், சிவப்புப் பென்சில்காரன் சரியாகத்தான் குறித்தானா என்று பார்க்கத்தான். சரியாகவே குறித்திருந்தான். முள்ளை விலக்கினால் கல் வாயில், இடுப்புயரம்கூட இல்லை. இரும்புக் கம்பிக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தொட்டதும் நகர்ந்தது. பழுப்புத் துரு ஈரமாக விரலில் ஒட்டியது, ச்சீ என்று ஆகிவிட்டது. தாழ்ப்பாளைப் பழையபடி தள்ளி அடைத்துவைத்தேன். எதை எடுத்தாலும் இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிடுவது என் வழக்கம்.

அந்த இரும்புச் சத்தம் உள்ளே கேட்டிருக்கிறது.

"யாருப்பா அங்க?" என்று குரல் வந்தது. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக.

"நான்தான்" என்றேன். பேசியிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது.

"மச்சானா? எனக்குத் தெரியும் மச்சான், நீங்க எப்படியும் வழியக் கண்டுபுடிச்சிருவீங்கன்னு. நேத்தே இவனுங்ககிட்ட சொன்னேன்." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, கோழையை இழுத்துத் துப்பினார். அந்தச் சத்தம் குகை முழுக்க உருண்டு வந்தது.

"அங்கயே இருங்க மாப்பிள்ளை. ஆளுங்களக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

மேலே ஏறிச் சாலைக்கு வந்தேன். கூட்டி வரத்தான் நினைத்தேன். பாதி வழியில்தான் யோசனை வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இழுப்பறையைத் திறப்பார்கள். தாளில் துளை போட்டு, முத்திரை குத்தி, சாட்சிப் பொருள் என்று எண் எழுதுவார்கள். நான் அறைக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வியாழன் காலை சட்டம் அடித்து முடித்து, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கயிற்றை இறக்கினார்கள். கிணற்றடியில் ஆளில்லை. தூரத்திலிருந்து, "நான் இந்தப் பக்கமா வெளிய வரேன், மச்சான் ஆளோட வர்றாரு" என்று குரல் கேட்டதாம். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தார்கள். பின்னால் நுழையப் போனவர்களைச் சரிந்த மண் தடுத்துவிட்டதாம். அதிகாரி மறுபடி ஓடிவந்து, அந்த வழி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். என் படியில் மேற்கே ஓடை இருந்ததால் மேற்கே போய்த் தேடினார்கள். சாயங்காலம் கொட்டிய மழையில் கிணறு பாதி நிரம்பிவிட்டது. தண்ணீர் ஆளை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதி முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். மூன்று நாள் தலை வாராத கோலம். "அண்ணா, கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொல்லிட்டிருந்தாராம். நீ வந்து பேசினியாம். நீ ஆளோட வரேன்னு சொன்னதாலதான் அவரு கயித்துக்குக் காத்துட்டிருக்காம நகந்து போனாராம். என்ன அண்ணா இது, நீ எப்ப அங்க போன?" என்றாள்.

"ஜன்னி கண்டவர் ஏதோ உளறியிருக்கார். நீ மனசத் தேத்திக்க" என்றேன். அவள் மேசையில் கவிழ்ந்து அழுதாள். கண்ணும் மூக்கும் ஒழுக அழுதாள். கீழே விரித்திருந்த தாளை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். முகத்தில் அப்படியோர் அருவருப்பு, ஐயா, காலில் எதையோ மிதித்துவிட்டவள்போல. எதற்கென்றுதான் இன்னும் எனக்குப் புரியவில்லை.

மலைச்சரிவு மைதானம் இனி கட்டப்படாது. மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அந்த வகையில் எனக்கு நிம்மதி.

பிறகு ஏன் இன்று தானாக வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். தங்கை வந்துபோன அன்று மாலை நான் மறுபடியும் சரிவுக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. அவர் கதவு வரைக்கும் வந்திருக்கிறார். உடைந்த காலோடு அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கிறார். இரண்டு கையும் கம்பிக்கு வெளியே நீட்டியிருந்தன, ஒரு கை தாழ்ப்பாளுக்கு நாலு விரற்கடை கீழே. அதற்கு மேல் எட்டவில்லை போலிருக்கிறது. ஒரு வாரமாகிறது. நேற்று அந்தச் சாலையில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் ஆட்களைக் கிளம்பச் சொல்லுங்கள், வழி நான் காட்டுகிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சொன்ன சொல் தவறியவன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன், இதோ கூட்டிக்கொண்டுதானே போகிறேன்.