முதலில் எழ வேண்டியவர் யார்?

மாலைப் பொழுதில் இம்மன்றம் நிறைத்திருக்கும் மாண்புடையோரே! தலைமை ஏற்று என்னைத் தைரியப்படுத்தும் லக்ஷ்மம்மா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் பெரியோரே! மடியில் மழலையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் என் போன்ற தாய்மார்களே! மைசூரில் வாழ்ந்தும் தமிழை மறவாத தங்கங்களே! சம்யுக்தாவின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியதாகுக!

வெளிநாட்டில் அலுவல் விருந்தில் எப்படி அமர்வது, எப்படி உண்பது என்று பேசச் சொன்னார்கள். என்னை ஏன் அழைத்தார்கள்? என் கணவர் ஸ்ரீஹர்ஷா, இங்குள்ள எந்திரத் தொழிற்சாலையின் பொறியாளர், தைவானில் இருக்கிறார், அதனால்தான்! விருந்து அவருக்கு, விளக்கம் என்னிடம்!

அங்கே வட்ட மேசை. நடுவே சுழலும் தட்டு. பெயர் அட்டையை இரு கையாலும் நீட்ட வேண்டும். உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. இவையெல்லாம் அவர் படித்துக்கொண்டு போனவை. படிக்காமல் போனது ஒன்று உண்டு!

நம் வீட்டுப் பந்தியில் என்ன வழக்கம்? மோர்சாதம் முடிந்து, எச்சில் கை காய்ந்தாலும், வரிசையில் மூத்தவர் எழும்வரை எவரும் எழுவதில்லை. அதே மரியாதையோடு அவர் அங்கே அமர்ந்தார். விருந்தளித்தவர் முழங்கால் வலியுள்ள முதியவர். பழத்தட்டு வந்தது, தீர்ந்தது. தேநீர் வந்தது, ஆறியது. பெரியவர் எழுந்தாரா? எழவில்லை. இவர் எழுந்தாரா? எழவில்லை. பக்கத்து மேசைகளின்மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து, கடையையே மூடத் தொடங்கிவிட்டார்கள்!

என்ன பஞ்சவர்ணம் அக்கா, உரக்கச் சொல்லுங்கள்!

"ஏம்மா, ரெண்டு பேரும் இன்னுமா உக்காந்திருக்காங்க?"

சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான்! கடைசியில் மொழிபெயர்க்கும் பெண் என் கணவர் காதோடு சொன்னாளாம்: "சிறப்பு விருந்தினர் நீங்கள். நீங்கள் எழுந்தால்தான் அவர் எழலாம். பாவம், அவர் கால் மரத்துவிட்டது."

மண்டி மொஹல்லா தொலைபேசிக் கடையில், ஆட்டோக்களின் இரைச்சலில் நின்று, அவர் சொல்ல இதைக் கேட்டேன். "எல்லாரும் சிரிச்சா. எதுக்குன்னு தெரியாமலே நானும் சிரிச்சேன்," என்றார். பிறகு, "நீ சாப்ட்டியோ?" என்றார். "ஆச்சு," என்றேன். யாரோடு என்று அவர் கேட்கவில்லை. குழந்தை அஷ்வினிக்கு ஊட்டிய கிண்ணத்தில் மீந்ததை, அடுப்படியில் நின்றபடியே தின்றதை நானும் சொல்லவில்லை. மேசை நிறைய மனிதர்கள் இருந்தும் அவர் தனி. வீடு நிறையப் பாத்திரங்கள் இருந்தும் நான் தனி!

இன்னும் இரண்டு ஆண்டு இருக்கச் சொல்கிறது நிறுவனம். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த வாரமே பதில் வேண்டுமாம். "ஏன்னா, உங்க இஷ்டம்," என்கிறேன் நான். "உன் இஷ்டம்மா. குழந்தையை வெச்சுண்டு சும்னே கஷ்டப்படாதே," என்கிறார் அவர்; 'சும்மா' என்பது அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். எனக்குப் பயம்தான். அந்த ஊர்ப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா? காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் எந்த மொழியில் அழுவேன்?

ஆனால் அன்பர்களே, இதுவும் அதே மேசைதானே! கடலுக்கு அப்பால் ஒருவர், இப்பால் ஒருத்தி. அவர் சொல்லட்டும் என்று நான். நான் சொல்லட்டும் என்று அவர். மரியாதையில் மரத்துப்போவது முழங்கால் மட்டுமா? மனமும்தான்! விருந்துக்குப் போகும் பிள்ளைகளே, கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், குச்சி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள்!

என்னவர் என் வாய்ச்சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார் என்பதை நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன். நாளைக்கு அவரிடம், "நான் வரேன்" என்று சொல்லப்போகிறேன்.

"இன்னிக்கே சொல்லுடீ பெண்ணே, பூத் திறந்துதான் இருக்கும்!"

தலைவர் லக்ஷ்மம்மாவின் ஆணை! தயங்கித் தயங்கிப் பேசியவளைத் தாங்கிக்கொண்ட உங்களுக்கு நன்றி. குழந்தையைச் சற்றே பார்த்துக்கொள்ளுங்கள், பஞ்சவர்ணம் அக்கா. இன்று இங்கே சிறப்பு விருந்தினர் நான். நான் கிளம்பினால்தானே நீங்கள் எழலாம்? இதோ, முதலில் நானே கிளம்புகிறேன். வணக்கம்!