பால் பிடித்த கதிருக்கு மௌனம் ஆகாது

அக்கிராசனம் வகிக்கும் திரு. சுந்தரேசன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, உலர்நில விதைச் சங்கத்துப் பெரியோர்களே, பிரேசர் டவுன் மகாஜனங்களே, முன்வரிசையில் துக்கத்தோடு அமர்ந்திருக்கும் மௌரீன் அம்மா அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இங்கே நின்று பேச வேண்டியவர் நோரா அக்கா. ஹெண்ணூர்ப் பக்கம் இருக்கும் சங்கத்து நிலத்தில் சோளக்கதிருக்குப் பை கட்டும் எங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. ஆனால் வாரக்கணக்கில் குருவி ஓட்டிக் கத்தியதில் அவருக்குத் தொண்டை போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. ஆகவே என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி மேடைக்கு அனுப்பிவிட்டார். பதினாறு வயதுப் பெண் இரங்கல் கூட்டத்தில் பேசலாமா என்று யாராவது கேட்டால், எங்கள் கூட்டத்தில் குரலோடு மிஞ்சியிருப்பவள் இந்தப் பெர்னதெத் ஒருத்திதான் என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் காலஞ்சென்ற ஹெர்பர்ட் ஐயாவைக் கர்மவீரர் என்றார்கள், பயிர்க்குலத் திலகம் என்றார்கள். எல்லாம் தகும். ஆனால் இந்தத் தெருவில் அவருக்கு ஒரே பெயர்தான், ஜோளா சார். சோளமும் காராமணியும் தவிர வேறு பேச்சு அவர் வாயில் வந்ததுண்டா? கல்யாண வீட்டிலும் அதே பேச்சு, கோயில் வாசலிலும் அதே பேச்சு! மௌரீன் அம்மாவே ஒருநாள், "இந்த மனுஷனுக்கு மழை பெய்ஞ்சாலும் கவலை, பெய்யலேன்னாலும் கவலை. நடுவுல நான் எங்க போறது?" என்று எங்களிடம் கேட்டார்கள்.

அவர் கவலைதான் என்ன? நம் சீமையின் வறண்ட தாலுகாக்களில் மழை பாதியில் கைவிட்டுவிடும். அதற்குமுன் கதிர் முற்றிவிட வேண்டும். அதற்காக அவர் சீக்கிரம் விளையும் ஒரு சோளத்தை உண்டாக்கினார். வரிசைகளுக்கு நடுவில் படர்ந்து தரையின் ஈரத்தைக் காக்க ஒரு காராமணியையும் தேர்ந்தெடுத்தார். இரண்டையும் பாவகடா தாலுகாவில் ஹனுமக்கா என்ற விதவையின் கொல்லையில் முதன்முதலாக விதைத்தார். மழை நின்றது. ஊர்ச்சோளம் பச்சையாக வாடி நின்றபோது ஹனுமக்காவின் சோளம் மட்டும் தலை நிறைய மணியோடு நின்றது.

வெற்றிதானே? சங்கத்தில் எல்லோரும் கைதட்டினார்களே! மழையைப் பற்றி யோசித்தார்கள், மண்ணைப் பற்றி யோசித்தார்கள். தாலுகா முழுவதும் ஒரே ஒரு கொல்லையில் தானியம் முற்றினால் தாலுகா முழுவதிலும் உள்ள குருவி எங்கே போகும் என்று ஒருவராவது யோசித்தார்களா? மேகம் மாதிரி இறங்கின. அந்த அம்மாளுக்கு மிஞ்சியது தட்டைதான்.

ஐயா தலைகுனிந்து போய் நின்றபோது ஹனுமக்கா கன்னடத்தில் சொன்னதை அவரே எங்களுக்குத் தமிழில் சொல்லிக்காட்டுவார். "சாமி, காராமணி ரொம்ப நல்லாயிருக்கு, அதை வெச்சுட்டுப் போங்க. இந்த ஜோளத்தை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. குருவி சாப்பிட்டு மிச்சம் வெக்கிற மாதிரி ஒண்ணு கெடச்சா, அன்னிக்கு வாங்க."

திரும்பி வந்தவர் நோரா அக்காவிடம், "மழையோட ஓட்டப்பந்தயம் வெச்சேம்மா, ஜெயிச்சுட்டேன். பரிசைக் குருவி வாங்கிட்டுப் போயிடுச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றுமுதல் அவர் ஓயவில்லை.

சபையோர்களே! மணியை நீளமான உமி மூடிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டுச் சோளத்தைத் தேடிப் பிடித்து, அதைத் தம் சோளத்தோடு கலந்தார். கடுகளவு பூவை ஊசிமுனையால் பிரித்து மகரந்தத்தை எடுப்பது, வேறு தூள் படாமல் கதிருக்குப் பை கட்டுவது, ஒன்று தேறினால் நூறைத் தள்ளுவது, மறுபடி விதைப்பது! வருஷம் போனதே தவிர, வேலை தீர்ந்ததா? கண் எரியும், கழுத்து இற்றுப்போகும். அலுப்புத் தாங்காமல் நாங்கள் ஒருநாள் சோளக்கொல்லைப் பொம்மைக்கு ஐயாவின் பழைய கோட்டையும் தொப்பியையும் மாட்டிவிட்டோம். நோரா அக்கா தூரத்திலிருந்து பார்த்து, "குட் மார்னிங் சார்" என்று குனிந்து வணங்கிவிட்டார்! ஐயா வந்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பரவாயில்லையே, என்னைவிட நிமிர்ந்து நிக்கிறானே" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு குருவி தொப்பியில் வந்து உட்கார்ந்தது. "பாத்தீங்களா, எனக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்!" என்றார். அப்படிப்பட்ட மனிதர் இனி எங்கே கிடைப்பார்?

அவர் தேடிய சோளம் இந்த வருஷம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு பாத்தி. சீக்கிரமும் விளைகிறது, நீள உமியும் இருக்கிறது. மணி கெட்டியாகிவிட்டால் குருவிக்கு அதை உரித்துத் தின்னப் பொறுமை போதாது. ஆனால் இப்போது கதிர் பால் பிடித்திருக்கிறது. இந்தப் பருவத்தில் எந்த உமியும் காவல் இல்லை, அலகால் ஒரு நசுக்கு நசுக்கினால் போதும். அதனால்தான் நாங்கள் காலையும் மாலையும் தகரம் தட்டுகிறோம். ஐயா தூறலில் காய்ச்சலோடு வந்து தட்டினார். "வீட்டுக்குப் போய்ப் படுங்க சார்" என்றால், "குருவி போய்ப் படுக்கட்டும், நானும் படுக்கிறேன்" என்பார். வியாழக்கிழமை படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் நடந்த வெள்ளிக்கிழமை, துக்க நாளாயிற்றே, சத்தம் போடக்கூடாது என்று எல்லோருமாகத் தீர்மானித்தோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவு மரியாதை! தகரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போனோம். சனிக்கிழமை விடிந்து போய்ப் பார்த்தால், பாத்தியில் பாதி வெறும் சக்கை. நோரா அக்கா அழவில்லை. வரப்பில் உட்கார்ந்து அந்தச் சக்கையையே கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மரியாதை என்று நினைத்து ஐயாவின் உழைப்பில் பாதியைத் தாரை வார்த்தோம், மகாஜனங்களே!

மிச்சம் இருக்கும் பாதிதான் ஹனுமக்காவுக்கு ஐயா பட்ட கடன். உலகத்தில் அந்த விதை வேறெங்கும் இல்லை. இன்று இந்தக் கூட்டத்தை மாலை நாலரைக்கு வைத்திருக்கிறீர்கள். குருவி இரை தேடும் நேரமும் அதுதான். எங்கள் கூட்டத்துப் பாமா ஒருத்தி அங்கே தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கைகள் இரண்டுதான், பாத்திக்கோ நாலு பக்கம்.

எங்கள் ஜோளா சார் அவர்களே, உங்கள் சார்பிலும் எங்கள் சார்பிலும் ஹனுமக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் கதிரை முற்ற வைத்து அறுப்போம், வரும் பருவத்தில் பெருக்குவோம், பாவகடாவுக்குக் கொண்டுபோய் அந்த அம்மாள் மடியில் கொட்டுவோம். களைத்துப் போயிருக்கிறோம், அதை மறைக்கப் போவதில்லை. களைப்போடேயே செய்வோம்.

அக்கிராசனர் அவர்களே, அடுத்ததாக எழுந்து நின்று மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறீர்கள். நிற்கும் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மௌனத்தை மட்டும் மன்னித்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை செலுத்தியதே போதும். வெளியே சங்கத்து நிலத்துக்குப் போக இரண்டு ஜட்கா வண்டி நிற்கிறது, வெளிச்சம் இன்னும் இருக்கிறது. பெரியோர்களே, எழுந்து நிற்கத்தானே போகிறீர்கள்? எழுந்த பிறகு உட்கார வேண்டாம். அப்படியே வாருங்கள்.