பஞ்சில் ரெண்டு சொட்டு

— பைக்குள்ள என்னட்டி இது, குப்பி?

— அய்யோ, தெறக்காதம்மா! இங்க குடு.

— தெறக்கக் கூடாதா? அப்ப வெடிமருந்தேதான். ஏட்டி பாண்டிச்செல்வி, நீ சிவகாசிக்குப் படிக்கப் போறியா, பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போறியா?

— மருந்து இல்லம்மா. பஞ்சுல ரெண்டு சொட்டு ஊத்தி மூடி வச்சிருக்கு, அம்புட்டுத்தான். தீப்பத்தாது, வெடிக்காது. சத்தியமா.

— ஒன் சத்தியத்தக் கொண்டுபோயி ஒடப்புல போடு. இப்படித்தான் சத்தியம் பண்ணி, பி.எஸ்ஸின்னா கணக்குப் படிப்புன்னே. நேத்து பொன்மணி மக சொல்லித்தான் தெரியுது, கெமிஸ்ட்ரியாம். அப்படின்னா என்னட்டின்னு கேட்டேன். 'மருந்தக் கலக்குறது அத்தே'ங்கா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு.

— உள்ளதச் சொன்னா விட்டிருப்பியா?

— விட்டிருக்கவே மாட்டேன். உங்க அப்பாவ எந்த மருந்துக்குக் குடுத்தேனோ, அதுக்கே உன்னயவும் குடுக்கணுமாக்கும்? நல்லாருக்கே கத! திங்கக்கெழம நானே காலேஜுக்கு வாரேன். எம்மகள வேற படிப்புக்கு மாத்துங்கன்னு அந்த டீச்சரம்மா கால்ல விழுதேன்.

— மொத வருசத்துல பாதி முடிஞ்சிருச்சு. இனி மாத்த மாட்டாக.

— மாத்தலையா, வீட்டுல இரு. தீப்பெட்டி ஒட்டு. கையும் காலுமாச்சும் முழுசா கெடக்கும்.

— காலா? மொதல்ல உன் காலப் பாரும்மா. குதிகால் வெடிச்சு ரத்தம் கசியுது. இந்த வெயில்ல தார் ரோட்டுல வெறுங்காலோட நடந்து வந்திருக்கே.

— என் காலப் பத்திப் பேசாத.

— ஏழு வருசமாச்சு.

— எழுவது வருசம் ஆனாலும் இதுல செருப்பு ஏறாது. புருசனுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்து எமன்ட்ட அனுப்புனவன்னு இந்தப் புதுப்பட்டியே சொல்லுதுல்ல.

— ஊரு சொல்லல. போர்மேன் காசிராஜன் சொன்னாரு. ஊரு அதத் திருப்பிச் சொல்லுச்சு.

— அந்தாளு சொன்னது பொய்யா? மருந்து ரூம்ல செருப்பு ஆகாதுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். ஆணி உரசுனா பொறி. அவுக பாட்டுக்கு வெறுங்காலோடதான் கெளம்புனாக. பாவி, நான்தான் விடல. காலு வெடிச்சுக் கெடக்கு, வழியெல்லாம் கருவேலமுள்ளு, ரூம் வாசல் வரைக்குமாச்சும் போட்டுட்டு வாங்கன்னு மல்லுக்கட்டுனேன். பாதி வழியில கழத்தி வீசுனாக. நான் போயி எடுத்தாந்து திரும்பப் போடவச்சேன்.

— இது எனக்குத் தெரியும்மா.

— தெரியாதது ஒண்ணு இருக்கு. யாருட்டயும் சொல்லல.

— என்னது?

— அவுக ரூம் கதவத் தெறந்தாக. நான் தூக்குச்சட்டியோட பின்னாலயே நிக்கேன். வாய் சும்மா இருந்துச்சா எனக்கு? அப்பயும் அந்தச் செருப்பப் பத்தித்தான் தொணதொணத்துக்கிட்டு இருந்தேன். சட்டுனு திரும்புனாக. மொகமே அவுக மொகமா இல்ல. 'போடி அங்கிட்டு'ன்னு ரெண்டு கையாலயும் நெஞ்சுல ஒரு தள்ளு. தண்ணித்தொட்டிக்குப் பின்னால போயி விழுந்தேன். எந்திரிக்கல, அதுக்குள்ள ரூம் வெடிச்சு எல்லாம் முடிஞ்சிருச்சு. தொட்டிச் சொவருதான் என்னயக் காப்பாத்துச்சு.

— ம்மா...

— பன்னெண்டு வருசம் குடும்பம் நடத்துனாக, ஒரு நாள் கை ஓங்குனதில்ல. கடைசிக் கடைசியா அந்தக் கை என் மேல பட்டது கோவத்துல. என்னய வெறுத்துட்டுப் போன மனுசன்னு உன்ட்ட எப்படிச் சொல்லுவேன், சொல்லு.

— அழாதம்மா. இந்தா, தண்ணி குடி. நான் ஏன் கெமிஸ்ட்ரியில சேந்தேன்னு சொல்லட்டா? ஒரு செருப்பாணிக்கு அம்புட்டு வலு உண்டான்னு தெரிஞ்சுக்கத்தான் சேந்தேன். ஆறாப்புல இருந்து மனசுல கெடக்கு.

— தெரிஞ்சு என்ன செய்ய? போனவுக வரவா போறாக?

— ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு நாத்தம்னு சொல்லுவியே?

— ஆமா, மூத்திர நாத்தம். கதவத் தெறந்ததும் குப்புனு வந்துச்சு, கண்ணுகூட எரிஞ்சிச்சு. எவனோ எடுபட்ட பய பின்னால மோண்டு வச்சிருப்பான். அந்த நாத்தத்துலயா உங்க உசுரு போகணும்னு ஒப்பாரியிலகூடச் சொல்லி அழுதேனே.

— அந்த ஒப்பாரிதான் நேத்து லேபுல ஞாபகம் வந்துச்சு.

— லேபுல ஒப்பாரிக்கு என்னட்டி வேல?

— கேளு. எவாஞ்சலின் மேடம் ஆளுக்கு ஒரு உப்பு குடுத்தாக. பேரு சொல்ல மாட்டாக, நாமளே டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிக்கணும். என் உப்புல கொஞ்சம் அலுமினியப் பவுடரப் போட்டு, காஸ்டிக் சோடாவ ஊத்திச் சூடுபண்ணுனேன். குப்புனு ஒரு வாடை. கண்ணெல்லாம் எரிஞ்சிருச்சு. 'அமோனியா வருதுல்ல, அப்ப உன் உப்பு நைட்ரேட்டு'ன்னாக மேடம். நைட்ரேட்டுன்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம வெடியுப்பு அந்தச் சாதிதான்.

— வெடியுப்பும் அலுமினியப் பவுடருமா? அது உங்க அப்பா கலக்குன மருந்துல்லா?

— அதேதான். நான் லேபுலயே ஓன்னு அழுதுட்டேன். மேடம் எல்லாத்தையும் கேட்டுட்டு, லேபுல இருக்கிற அமோனியாத் தண்ணியில ரெண்டு சொட்டப் பஞ்சுல விட்டு, உங்க அம்மாட்ட காட்டுன்னு அவுகளே குடுத்துவிட்டாக. மூக்குக்கிட்டக் கொண்டுபோவாத. தள்ளி வச்சு, இப்படிக் கையால விசிறி மோந்து பாரு.

— கொண்டா... அய்யோ! ஏட்டி, இதேதான்! இதே நாத்தந்தான்டி! அந்த வாசல்ல கொண்டுபோயி நிப்பாட்டுன மாதிரி இருக்கே. மூடு, மூடு!

— மூடிட்டேன், மூடிட்டேன். இப்பச் சொல்லு, அதுக்கு முந்துன நாளு மழையா?

— அடமழ. ஓடு ஒழுகுது, மருந்து நனையும்னு அவுக தலபாடா அடிச்சுக்கிட்டாக. 'தீவாளி ஆர்டர் நிக்கையில ஓடு மாத்தவா நேரம்'னான் அந்தக் காசிராஜன். கலக்குன மருந்து வேற மிச்சம். மிச்சம் வைக்கக் கூடாது, அழிச்சிரணும்னு சொன்னாக. அதையும் கேக்கல, காலையில ஆகும்னு உள்ளயே வச்சுப் பூட்டச் சொல்லிட்டான்.

— அது நனைஞ்சிருக்கும்மா. சோடா வேண்டாம், மழ ஈரமே போதுமாம். தன்னால சூடேறும், சூடேறுனா இந்த வாடை வரும், கடைசியில தன்னாலயே பத்திக்கிடும். மேடம் போர்டுல எழுதிக் காட்டுனாக. நீங்க வாசலுக்கு வந்தப்பயே உள்ள மருந்து கொதிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

— அப்ப அந்த ஆணி?

— நீயே சொல்லு. அப்பா ரூமுக்குள்ள கால வச்சாகளா?

— இல்ல. படியே ஏறல. கீழ நின்னுதான் கதவத் தெறந்தாக.

— வெளிய மண்ணுல நிக்கிற செருப்பு உள்ள இருக்கிற மருந்துல எப்படிம்மா உரசும்? திங்கக்கெழம தாராளமா வா, மேடமே எடுத்துச் சொல்லுவாக. ஆனா செருப்பு போட்டுட்டு வா.

— இரு, இரு. செருப்பு கெடக்கட்டும். இந்த வாடை உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?

— தெரியாமலா? இருவது வருசம் மருந்துலயே கெடந்தவுக. மழ பேஞ்சா மோந்து பாத்துட்டுத்தான் மருந்துல கைய வைப்பாகன்னு நீதானே சொல்லுவே.

— ஆமா, மோந்துதான் பாப்பாக. அன்னைக்கும் கதவத் தெறந்தாக, மூச்ச இழுத்தாக, அப்புறந்தான் திரும்பி என்னய...

— என்னம்மா? ஏன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கே?

— அப்ப... கோவத்துல தள்ளலையாடி உங்க அப்பா?